யாதொரு காரணமும் இன்றி

செசிலி தன் வாழ்நாளில் ஒரு தடவைகூட 'மேற்படி' என்று சொல்லியிருக்க மாட்டாள். வக்கீல் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முதல் தகவல் அறிக்கையின் நகலை மறுபடி படித்துக்கொண்டிருந்த அமலதாஸுக்கு அந்தச் சொல்லிலேயே கண் போய்ப் போய் மாட்டிக்கொண்டது. மேற்படி அமலதாஸ் என்பவர் எனக்கு உடன்பிறந்த அண்ணன் ஆவார். மேற்படி நபர் 14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பகல் சுமார் பதினொன்றரை மணியளவில் குடிபோதையில் எங்கள் வீட்டுக்கு வந்து, யாதொரு காரணமும் இன்றி, என் கணவர் சேவியர் என்பவரை அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, கையால் வாயில் ஓங்கிக் குத்தியதில் அவருக்கு முன்பல் இரண்டு உடைந்து ரத்தக்காயம் ஏற்பட்டது. உன்னை உயிரோடு விடமாட்டேன் என்று மிரட்டிவிட்டு மேற்படி நபர் சென்றுவிட்டார். எழுதியது ஏதோ ஒரு ஏட்டு. அது பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அடியில் இருக்கிற 'லூ. செசிலி' அவளுடையதுதான். லூவின் காலை இழுத்துப் பேருக்கு அடியில் கோடாக ஓடவிடுவது அவள் ஏழாம் வகுப்பில் பழகியது. அப்பா இல்லாததால் ரேங்க் கார்டில் அமலதாஸ்தான் கையெழுத்துப் போடுவார், பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பாள், அப்புறம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையாகப் போட்டுப் பார்ப்பாள். இருபத்தெட்டு வருஷம் கழித்து அதே கோடு, கொஞ்சம்கூட நடுங்காமல், அவர் பேருக்கு எதிராக. நடுங்கியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. சனிக்கிழமை என்பதால் கோர்ட் கிடையாது, காலை பத்தரைக்கு வரச்சொல்லியிருந்தார்கள், பத்துக்கே வந்துவிட்டார். முன்ஜாமீன் வாங்கிக் கொடுத்தவர் பத்திரம் எழுதுகிற வக்கீல், பக்கத்துத் தெரு. குற்றப்பத்திரிகை தாக்கலாகி சம்மன் வந்ததும் அவரே கையை விரித்துவிட்டார். இனிமேல் இது கிரிமினல் வக்கீல் பார்க்கவேண்டியது அண்ணாச்சி, நான் போய் நின்னா உங்களுக்குத்தான் கெடுதல் என்றார். மங்கையர்க்கரசி மேடத்தைப் பாருங்கள் என்று சொன்னது யூனியன் ஆபீசில். பெண் வக்கீலா என்று மனைவி ரெஜினா தயங்கினாள். அவருக்கும் தயக்கம்தான், ஆனால் வேறு காரணத்துக்கு. ஒரு பெண்ணின் முன்னால் உட்கார்ந்து செசிலியைப் பற்றிப் பேசவேண்டும்.

மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டி இருந்தது. ஏறி வரும்போதே கண் அதில் ஓடிவிட்டது, எண்ணைக்கூடப் படித்துவிட்டது, தேவையே இல்லாமல். மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருபத்தாறு வருஷம். திண்டுக்கல்லில் எந்தத் தெருவில் எந்த வீட்டு மீட்டர் அடுப்படிக்குள் இருக்கிறது, எது நாய்க்குப் பின்னால் இருக்கிறது, எது பூஜை அறையில் இருந்து செருப்பைக் கழற்றிவிட்டுப் போகவேண்டியது என்பதெல்லாம் மனப்பாடம். இரண்டு மாதத்துக்கு ஒருதடவை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு நிமிஷம். ஒரு நிமிஷத்தில் ஒரு வீட்டைப் பற்றி என்ன தெரியும் என்று ரெஜினா கேட்பாள். எல்லாம் தெரியும். கதவுக்கு வெளியே நின்று பெல் அடிப்பதற்கு முன்னால் இருக்கிற அரை நிமிஷத்திலேயே தெரியும். ரவுண்டு ரோட்டுப் பக்கம் ஒரு பச்சைக் கதவு வீடு. உள்ளே சத்தம். அடிக்கிற சத்தமில்லை, அடி வாங்குகிறவள் சத்தம் வெளியே போகாமல் இருக்க வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிற சத்தம், மூக்கு வழியாக வரும். அமலதாஸ் கதவைத் தட்டி, கரண்ட் ரீடிங் என்றார். எல்லாம் நின்றது. பனியன் போட்ட ஒரு ஆள் கதவைத் திறந்து, வாங்க சார் என்று சிரித்தான். நாலாயிரத்து நூற்று இருபத்தேழு. அட்டையில் எழுதி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தார். நம்மால் ஒரு அடியாவது குறைந்தது என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்கு அவர் அடுத்த வீட்டுக்குப் போகவில்லை, நாலு வீடு தாண்டி, வேகமாக நடந்து, தெருமுனைக் கடையில் போய் நின்றார். மறுபடி ஆரம்பித்தால் காதில் விழக்கூடாது. அப்படி எத்தனை வீடு. எண்ணை எழுதிவிட்டு வந்துகொண்டே இருந்த மனுஷன் திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கையை ஓங்கினால், யாதொரு காரணமும் இன்றி என்றுதான் எழுதுவார்கள். வேறு எப்படி எழுதுவார்கள்.

குமாஸ்தா தெய்வேந்திரன் ஒரு நீள நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு விவரம் கேட்க ஆரம்பித்தார். அறுபது வயது இருக்கும், காதில் பேனா. எந்த ஸ்டேஷன், எந்தக் கோர்ட், சம்மனில் வாய்தா என்றைக்கு. கேட்டுக்கொண்டே, எதிரி நீங்க ஒருத்தர்தானா சார், கூட யாரும் சேர்த்திருக்காங்களா என்றார். அமலதாஸுக்கு ஒரு கணம் புரியவில்லை. எதிரி யார் என்று நாம்தானே சொல்லவேண்டும் என்று நினைத்தார். அப்புறம் குற்றப்பத்திரிகையில் பார்த்தது ஞாபகம் வந்தது. எதிரி: அமலதாஸ், வயது 53, தகப்பனார் பெயர் லூர்துசாமி. அதற்குக் கீழே சாட்சிகள் பட்டியலில் முதல் பெயர் செசிலி, வயது 41, கணவர் பெயர் சேவியர். ஒரே தகப்பனின் பிள்ளைகள். ஒருத்தருக்கு மட்டும் தகப்பன் பெயர் போட்டிருந்தது. எதிரி என்பது கோர்ட்டில் வெறும் வழக்கம், குற்றம் சாட்டப்பட்டவருக்கு அப்படித்தான் பெயர் என்று குமாஸ்தாவே சொன்னார், எத்தனையோ பேர் இந்த வார்த்தையைக் கேட்டு முகம் மாறுவதைப் பார்த்தவர்போல. ஒருத்தர்தான் என்றார் அமலதாஸ். எதிரி ஒருத்தர்தான். போன வாரம் மகள் ரோஸி கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா, பொண்ணோட அத்தை எங்கே, ஆளையே காணோமே என்று கேட்டபோது, அவளுக்கு உடம்பு முடியல என்று சொன்னவர் இவர்தான். உடனே வந்தது அந்தப் பதில், யோசிக்கக்கூட இல்லை. பந்தலுக்குள் ரோஸியைக் கைபிடித்து அழைத்து வரும்போது வலது பக்கம் முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்த மாதிரி தோன்றியது. உண்மையில் காலியாக இல்லை, யாரோ உட்கார்ந்திருந்தார்கள், போட்டோவில் பார்த்தால் தெரிகிறது. ஆனால் அவர் பார்த்தபோது காலியாகத்தான் இருந்தது. அந்தக் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்கத்தான் வத்தலக்குண்டில் செசிலி வீட்டுக்குப் போனார்.

தனியாகத்தான் போனார், ரெஜினாவுக்கு வீட்டில் வேலை இருந்தது. பூசை முடிந்து சேவியர் அப்போதுதான் வந்திருந்தான். கோயிலில் வாசகம் படிக்கிறவன், இழுத்து இழுத்து அழகாகப் படிப்பான். ஹார்டுவேர் கடை நன்றாகப் போகிறது. குடிக்க மாட்டான். கல்யாணத்துக்கு முன்னால் அமலதாஸ் வத்தலக்குண்டு முழுக்க விசாரித்தார், கேட்டவர்கள் எல்லாரும் முதலில் சொன்னது அதைத்தான், குடிக்க மாட்டான், பீடி சிகரெட் கிடையாது. அவர் கேட்டதும் அது ஒன்றைத்தான். வேறு என்ன கேட்கவேண்டும் என்று அவருக்கு அப்போது தெரியாது. வாங்க மச்சான், உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க. செசிலி டீ கொண்டுவந்தாள். வெந்து போகிற வெயிலில் சேலைத் தலைப்பை இடது கை முழுக்கச் சுற்றி இழுத்துப் பிடித்திருந்தாள். அவர் அதைப் பார்த்தார், பார்க்கவும் இல்லை, அந்த மாதிரிப் பார்ப்பதில் அவருக்கு இருபத்தாறு வருஷப் பழக்கம். பத்திரிகையைப் பிரித்து சேவியர் படித்துக்கொண்டிருந்தான். எழுத்துப் பிழை ஒன்றைக்கூடக் கண்டுபிடித்துச் சொன்னான், சிரித்தார்கள். அனிட்டா உள்ளிருந்து அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். பத்து வயது. டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றாள். அவன் கண்ணாடியைக் கழற்றுவதற்காகக் கையைத் தூக்கினான். அவ்வளவுதான். பிள்ளை சட்டென்று முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டது, ஒரு முழங்கை தானாக மேலே ஏறி காதை மறைத்தது. இன்னொரு கையில் டம்ளர். டம்ளரில் தண்ணீர் சிந்தவில்லை. விளிம்பு வரைக்கும் இருந்த தண்ணீர், ஒரு சொட்டு சிந்தவில்லை. அப்புறம் கண்ணைத் திறந்து, ஒன்றுமே நடக்காததுபோல அப்பா கையில் கொடுத்தது. அந்தத் தண்ணீர் சிந்தியிருந்தால், பிள்ளை பயந்துபோய் டம்ளரைக் கீழே போட்டிருந்தால், அமலதாஸ் டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்திருப்பார். எத்தனை தடவை நடந்திருந்தால் ஒரு குழந்தைக்கு அந்தப் பக்குவம் வரும் என்று மனசு கணக்குப் போடுவதற்குள் கை போய்விட்டது. தன் கைதான் என்று அவருக்கே தெரியவில்லை. முட்டியில் ஏதோ கூராகக் குத்தியது, அது அவன் பல் என்று பின்னால்தான் தெரிந்தது. திட்டவில்லை. உயிரோடு விடமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசியிருக்கலாம், குறைந்தபட்சம் எதற்கு அடித்தோம் என்று அந்த வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும்.

போயிடுண்ணே. செசிலி சொன்னது அது ஒன்றுதான். சேவியரின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். தலைப்பு விலகியிருந்ததால் இடது கை தெரிந்தது, அவர் அதையும் பார்த்தார். போயிடுண்ணே. ஐந்து வாரமாக அந்த ஒரு சொல்லை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டார். கோபமாகச் சொன்னாளா. என் புருஷனை அடிக்க நீ யார், வெளியே போ என்பதா. இல்லை, நீ இங்கே நின்றால் உனக்கு ஆபத்து, ஓடிவிடு என்று அண்ணனைக் காப்பாற்றச் சொன்னாளா. இல்லை, நீ இப்போது போய்விடுவாய், அதற்கப்புறம் இந்த வீட்டில் நானும் இவனும்தான், அதனால் சீக்கிரம் போ, நடக்கவேண்டியது நடந்து முடியட்டும் என்பதா. சில நேரம் குரல் ஒரு மாதிரி கேட்கிறது, சில நேரம் வேறு மாதிரி. இப்போதெல்லாம் அவள் குரல் எது, அவர் போட்டுக்கொண்ட குரல் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. போய்விட்டார். அதுதான் நிச்சயமாகத் தெரிந்த விஷயம். அவள் போகச் சொன்னாள், அவர் போனார். அவர் அவளைப் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொன்னது மூன்று தடவை. கல்யாணமாகி இரண்டாம் மாதம் ஒரு தடவை, வயிற்றுப் பிள்ளையோடு ஒரு தடவை, அனிட்டா கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தடவை. போயிட்டு வா, எல்லா வீட்லயும் இருக்கறதுதான், நான் பேசுறேன் மாப்பிள்ளைகிட்ட. பேசவும் செய்தார். சேவியர் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வான், சரிங்க மச்சான் என்பான். மூன்றாவது தடவை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனபோது ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள், பிள்ளை மடியில் தூங்கியது. அண்ணே, நீ இறங்காத, நான் மட்டும் போய்க்கிறேன், நீ வந்தா அவர் மூஞ்சியைப் பாத்து நீ சங்கடப்படுவே என்றாள். ஸ்டாப்பில் அவள் மட்டும் இறங்கினாள். பஸ் நகர்ந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பையைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். அப்போது அவருக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை அவர் யாரிடமும் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. பாவம் என்றே அப்போது தோன்றவில்லை.

அவர் மடியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. அதில் எக்ஸ்ரே படமும், பிளாஸ்டிக் கவரில் போட்ட ஆஸ்பத்திரிக் காகிதம் ஒன்றும். இதை நம்பித்தான் வந்திருந்தார். பதினொரு வருஷம் பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடந்தது, ஏன் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார் என்று அவருக்கே தெரியாது. செசிலியின் இடது மணிக்கட்டு உடைந்தது அந்த இரண்டாவது தடவையில், வயிற்றில் அனிட்டா இருந்தாள். வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்து நின்றாள், கை வீங்கிப்போய்த் தொங்கியது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார். சின்ன வயசு டாக்டர், கண்ணாடிக்கு மேலே பார்த்து, எப்படி ஆச்சு என்றார். அவள் ஒரு கணம் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் என்றாள். அந்தப் பொய்யை அவர் பதினொரு வருஷமாக ஆற்றாமையோடு சுமந்துகொண்டிருந்தார். அன்றைக்கு மட்டும் நீ உண்மையைச் சொல்லியிருந்தால், அந்த டாக்டர் போலீசுக்கு எழுதியிருப்பார், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும், இவ்வளவு தூரம் வந்திருக்காது செசிலி. இப்போதும் பொய்தான் சொல்லியிருக்கிறாள், குடிபோதையில் வந்தார் என்று. புருஷனுக்காகப் பொய் சொல்வது அவளுக்குப் புதிதில்லை. இந்த நினைப்பு வந்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் வந்தது. எக்ஸ்ரே பொய் சொல்லாது. வக்கீல் அம்மா இதைக் கோர்ட்டில் தூக்கிப் பிடித்தால் போதும்.

உள்ளே கூப்பிட்டார்கள். மங்கையர்க்கரசி அம்மாளுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். நரையை மறைக்கவில்லை. குற்றப்பத்திரிகையை ஏற்கெனவே வாங்கிப் படித்திருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார். வெறும் கைதான், ஆயுதம் கிடையாது, ஆனால் பல் உடைந்ததால் சட்டப்படி கொடுங்காயம் ஆகிவிட்டது, தண்டனை விழுந்தால் வேலைக்கும் பென்ஷனுக்கும் ஆபத்து. இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் என்று கேட்டார். ஏழு. சேவியர் தரப்பு வக்கீல் நேற்று போன் செய்தாராம், சமரசத்துக்குத் தயார், கோர்ட் அனுமதியோடு வழக்கையே முடித்துக்கொள்ளலாம். அவர்கள் ஒரே ஒரு கடிதம் கேட்கிறார்கள். டைப் அடித்த ஒரு தாளை மேசையில் தள்ளினார். நான் யாதொரு காரணமும் இன்றி எனது மைத்துனரைத் தாக்கியதற்கு வருந்துகிறேன். எனது தங்கை செசிலி தனது கணவரால் எவ்விதத் துன்புறுத்தலும் இன்றி நல்ல முறையில் வாழ்ந்து வருகிறார் என்பதையும், இது குறித்து எனக்கோ என் குடும்பத்தாருக்கோ எக்காலத்திலும் எந்தப் புகாரும் இல்லை என்பதையும் இதன் மூலம் உறுதி கூறுகிறேன். அமலதாஸ் இரண்டு தடவை படித்தார். எக்காலத்திலும் என்ற சொல்லில் கண் நின்றது. கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"போடுங்கன்னு நான் சொல்லல. போட்டா என்ன ஆகும், போடலன்னா என்ன ஆகும், ரெண்டும் உங்களுக்குத் தெரியணும். அதுக்குத்தான் காட்டினேன்" என்றார் அந்த அம்மா.

அமலதாஸ் மஞ்சள் பையைத் திறந்தார். எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், இதோ இந்த இடம், அவன்தான் முறுக்கி உடைச்சான், பதினோரு வருஷத்துக்கு முந்தியே ஆரம்பிச்சது மேடம் இது. அந்த அம்மா எக்ஸ்ரேயைப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் கவரிலிருந்து காகிதத்தை உருவி, டாக்டரின் கிறுக்கலான ஆங்கிலத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். ரொம்ப நேரம் படித்த மாதிரி இருந்தது. அமலதாஸுக்கு ஆங்கிலம் தெரியும், மீட்டர் சம்பந்தப்பட்ட அளவுக்கு. டாக்டர் கையெழுத்தை அவர் முயற்சி செய்து பார்த்ததில்லை. அந்த அம்மா நிமிர்ந்து, இதைப் படிச்சிருக்கீங்களா என்றார். இல்லை என்றார். அவர் தமிழில் நிதானமாகச் சொன்னார்.

"நோயாளியை அழைத்து வந்தவர், அண்ணன். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக அண்ணன் கூறினார். நோயாளி எதுவும் பேசவில்லை."

இல்லை என்று சொல்ல அமலதாஸ் வாயைத் திறந்தார். அவள்தான் சொன்னாள், அவள் குரல் காதிலேயே இருக்கிறது, பதினொரு வருஷமாக இருக்கிறது. எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார். அவள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அது சரி. அதற்கப்புறம் ஒரு இடைவெளி. அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் பார்க்கிறார். அவள் பார்த்தாள், வாயைத் திறந்தாள், ஏதோ சொல்லப் போனாள். வெளியே வராந்தாவில் அவர்கள் கோயிலுக்கு வருகிற ஒருவர் நின்றுகொண்டிருந்தது ஞாபகம் வந்தது, நீல சட்டை, அவர் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா டாக்டர். விழுந்துட்டா. விழுந்துட்டேன் இல்லை. அந்தக் கடைசி எழுத்து வரை இப்போது தெளிவாகக் கேட்டது, கரகரப்பாக, ஒரு ஆம்பிளைக் குரலில். உடனே வந்திருக்கிறது, ரோஸி கல்யாணத்தில் வந்த மாதிரி, யோசிக்காமல். அதற்கப்புறம் செசிலி வாயை மூடிக்கொண்டாள். கட்டுப் போடும்போதுகூட அவள் சத்தம் போடவில்லை என்று டாக்டர் பாராட்டினார். அந்தப் பொய்யை எடுத்து, எப்போது, எந்த வருஷம், எப்படி அவள் வாயில் வைத்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடந்திருக்கவேண்டும். அவள் மேல் வருத்தப்பட்டு வருத்தப்பட்டு, அந்த வருத்தத்திலேயே அது அவள் சொன்னதாக ஆகிவிட்டிருக்கிறது. எக்ஸ்ரே இன்னும் அவர் கையில்தான் இருந்தது. மெதுவாக மேசைமேல் வைத்தார். அந்த அம்மா பார்த்துவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தார்.

இந்தக் காகிதத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று அந்த அம்மா சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை. இதைக் காட்டினால் அரசு வக்கீல் இதே வரியைப் படித்துக் காட்டுவார். அதுமட்டுமில்லாமல், சேவியர் கொடுமைக்காரன் என்று நாமே நிரூபித்தால், அமலதாஸுக்கு அடிப்பதற்குக் காரணம் இருந்தது என்று நாமே எடுத்துக் கொடுத்த மாதிரியும் ஆகும். அப்புறம், அன்றைக்கு அவன் சரியாக என்னதான் செய்தான் என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றக் கையைத் தூக்கினான் என்றார் அமலதாஸ். சொல்லிக் கேட்டபோது யாதொரு காரணமும் இன்றி என்பது அவருக்கே சரியாகப் பட்டது. பிள்ளையைப் பற்றிச் சொன்னார், தண்ணீர் சிந்தாததைச் சொன்னார். அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் பேனாவை மூடி வைத்தார்.

"இத்தனை வருஷத்துல உங்க தங்கச்சிகிட்ட யாராவது கேட்டிருக்கீங்களா? உனக்கு என்ன நடக்குது, நீ என்ன செய்யணும்னு நினைக்கிறே அப்படின்னு?"

கேட்டதில்லை. மூன்று தடவையும் அவள் வாசலில் வந்து நின்றபோது அவர்தான் பேசினார், ரெஜினா பேசினாள், அம்மா இருந்தவரை அம்மா பேசினாள். சேவியரிடம் போய்ப் பேசினார். சாமியாரிடம்கூடப் பேசினார். கடைசியில் கையாலும் பேசியாகிவிட்டது. அவள் வாயிலிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால், நீ இறங்காத அண்ணே, போயிடுண்ணே, இரண்டும் அவரை அனுப்பிவைப்பதற்காகச் சொன்னவை. அவளே சொன்னதாக இத்தனை நாள் வைத்திருந்த மூன்றாவதும் இப்போது அவருடையதாகிவிட்டது. அவர் அந்த டைப் அடித்த தாளை எடுத்து, மடிக்காமல், அந்த அம்மா பக்கமே திருப்பித் தள்ளினார். இதுல என்னால கையெழுத்துப் போட முடியாது மேடம், அவளுக்குப் பதிலா நான் சொன்னது போதும் என்றார். வேலை போகலாம் என்று அந்த அம்மா மறுபடி நினைவூட்டினார். தெரியும் என்றார். ரெஜினாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று பயமாக இருந்தது, ஆனால் தாளைத் திரும்ப எடுக்கத் தோன்றவில்லை.

குறுக்கு விசாரணையில் செசிலியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்போவதாக அந்த அம்மா சொன்னார். குடித்திருந்தாரா, மிரட்டினாரா என்றெல்லாம் கேட்டு அவளைப் பொய்க்காரியாக்க வேண்டியதில்லை. அவள் கை எப்படி உடைந்தது என்று மட்டும் கேட்கலாம், அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அவளே உண்மையைச் சொன்னால் கோர்ட் காரணத்தைப் பார்த்துத் தண்டனையைக் குறைக்கலாம். வழுக்கி விழுந்தேன் என்று சொன்னால் அதோடு வழக்கு கையைவிட்டுப் போய்விடும், சம்மதமா. அமலதாஸ் சம்மதம் என்றார். அப்புறம்தான் அது தோன்றியது. உண்மையைச் சொல்லிவிட்டால் அன்றைக்குச் சாயங்காலம் அவள் எந்த வீட்டுக்குப் போவாள். ரோஸி அறை காலியாகத்தான் கிடக்கிறது, அனிட்டாவுக்கும் இடம் இருக்கிறது, இதை மட்டும் அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா என்று கேட்டார். முடியாது. சாட்சியைத் தொடர்புகொள்ளக்கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை, ரெஜினா மூலமாகச் சொன்னாலும் சாட்சியைக் கலைத்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். கோர்ட்டிலும் பேசக்கூடாது, அவள் சாட்சி சொல்லும்போது அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசக்கூடாது, அவள் பொய்யே சொன்னாலும், அழுதாலும். இருப்பீங்களா என்று கேட்டார் அந்த அம்மா. இருப்பேன் என்றார். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார். பேருக்கு அடியில் கோடு இழுத்தார், பழக்கத்தில்.

வெளியே வந்தபோது மணி பன்னிரண்டரை. முன்னறையில் வேறு யாரோ இரண்டு பேர் காத்திருந்தார்கள். தெய்வேந்திரன் நோட்டில் வாய்தா தேதியைக் குறித்துக்கொண்டு, ஒரு துண்டுத் தாளிலும் எழுதிக் கொடுத்தார். காலையில் பத்துக்கே வந்துவிடவேண்டும், பேர் கூப்பிடும்போது இல்லை என்றால் வாரண்ட் ஆகிவிடும், வெள்ளைச் சட்டை போட்டு வருவது நல்லது. முதல் சாட்சி விசாரணைக்கு எப்படியும் மூன்று மாதம் ஆகும் என்றார். அமலதாஸ் துண்டுத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"நான் நிக்கிற இடத்துக்கும் சாட்சி நிக்கிற இடத்துக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்?"

தெய்வேந்திரன் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். "என்ன, ஒரு பதினஞ்சு அடி இருக்கும் சார். ஏன்?"

"அவங்க பேசுறது எனக்குக் கேக்குமா?"

"கேக்கும் சார். மேல ஃபேன் சத்தம் கொஞ்சம் இருக்கும். பொம்பளைங்க சாட்சி சொல்றப்ப மெதுவாத்தான் பேசுவாங்க. நீங்க பேசாம கவனிச்சுக்கிட்டு நின்னீங்கன்னா கேக்கும்."